வக்கீல் நலம்

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

நீ பத்திரமாகப் போய் இறங்கிய சேதி கிடைத்து நிம்மதியானேன். அங்கே தண்ணீர் ஒத்துக்கொண்டதா? கழுத்து வலி எப்படி? இங்கே நானும் அவரும் பாப்பாவும் சுகம். இத்தனையும் தாண்டி உன் கண் யாரைத் தேடிக்கொண்டு வரும் என்று தெரியும். வக்கீல் நலம். வந்த புதிதில் உன் பழைய செருப்பின் மேலேயே படுத்துக் கிடந்தான். இன்று சோறு தின்றான். தின்ற தெம்பில் எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளிடம் வெகுநேரம் வாதாடினான். அவனுக்கு அந்தப் பெயர் வைத்த உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும்.

நீ சொன்னபடி நாய்ப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். கயிற்றை அவிழ்த்து ஓடவிடலாம் என்பதைக் கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. போகும் வழி அல்லவா பாடு! வெளிக்கதவைத் திறந்து நுழைந்து, அதைச் சாத்தி, கயிற்றை அவிழ்த்து, அப்புறம் உள்கதவு. அந்த இரண்டு கதவுக்கும் நடுவே நான், தள்ளுவண்டி, அதில் பாப்பா, என் காலைச் சுற்றி அவன். பழுதான லிஃப்டில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. குழந்தைகள் வண்டியைவிட்டு இறங்கக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று. நான் வண்டியின் வலையைக்கூடத் திறக்கவில்லை.

பையைக் கையுறைபோல் மாட்டி, அவன் கழிந்ததை அள்ளி, திருப்பி, முடிச்சுப் போடுவதை நீ செய்து காட்டியபோது வித்தை மாதிரி இருந்தது. நான் செய்தபோது பை கிழிந்தது. அதன் சூடு பைக்கு மேலே உறைக்கிறது, அக்கா. அதை நீ சொல்லவே இல்லையே! பக்கத்தில் ஓர் அம்மாள் சிரித்துவிட்டார்.

"ஏம்மா இப்படி பயப்படுற? கொழந்தைக்கு டயப்பர் மாத்தினதில்லையா?"

"அது என் கொழந்தையோடது, ஆன்ட்டி."

"இதையும் அப்படியே வெச்சுக்கோ, போ."

அவர் பஞ்சு அம்மா. அங்கே மனிதர்களுக்குப் பெயரே கிடையாதுபோலிருக்கிறது. ராக்கெட் அப்பா, மைனா தாத்தா. நான் வக்கீலம்மா. உன்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்புறமும் பாப்பாவைத் தூக்க மனம் வரவில்லை. போனில் பேசினால் நான் அழுவேன், நீ அதட்டுவாய். விடுதி நாள்களில் எழுதியதுபோல் கடிதமே எழுதுவோம்.

உன் தங்கை


ஜூன் 26

என் பயந்தாங்கொள்ளிக்கு,

நான் சௌக்கியம். கழுத்து வலியும் என்னைவிடச் சௌக்கியம். பாப்பாவுக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு இரட்டை ஷிப்ட் போட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

இங்கே பல் கட்டும் கூடத்தில் எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்திருக்கிறார்கள். பல்லின் நிறம் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டுமே. ஊர் பேர் தெரியாத ஒருவர் வாயில் மிச்சமிருக்கும் பற்களோடு சேரும்படி ஒரு புதுப் பல்லை இழைப்பது. சேர்ந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, அதுதான் நமக்குக் கிடைக்கும் பாராட்டு. தங்குமிடத்தில் நாலு பேருக்கு ஒரு அறை. ஒருத்தி தூக்கத்தில் கணக்குச் சொல்கிறாள்.

பை கிழிந்தால் இரண்டு பையாக மாட்டு. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. கையைக் கழுவிவிட்டாய் அல்லவா, அப்புறம் தூக்கு. பூங்காவில் அவனை ஒருதரம்தான் கூப்பிட வேண்டும். அடிக்கடி கூப்பிட்டால், "இவளுக்கு வேற வேலையில்ல" என்று நினைத்துக்கொண்டு திரும்பியும் பார்க்க மாட்டான்.

சொன்னால் சிரிப்பாய். அந்த மனுஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, காலையில் போர்வையை இழுத்து என்னை எழுப்புவதற்கு அவன் ஒருத்தன்தான் இருந்தான். எழுந்தே ஆகவேண்டும், அவனை வெளியே கூட்டிப்போயே ஆகவேண்டும். அப்படித்தான் நான் மறுபடி மனுஷியானேன். பிப்ரவரியில் நான் திரும்பும்வரை அவனைப் பார்த்துக்கொள். வேறு யாரிடமும் விட எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்கா,

நலமா? உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் தாமதம். இப்போது தேவலை.

மருந்து எழுதும்போது டாக்டர், "வீட்ல நாய் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு "ம்" என் தூக்கத்தைத் தின்கிறது. நாள் முழுக்கத் தரையைத் துடைக்கிறேன். பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். அவன் தண்ணீர்க் கிண்ணத்தில் கையை விட்டு அதை வாயில் வைக்கிறாள்.

போன வாரம் பூங்காவில் யாரோ அள்ளாமல் போய்விட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே புதுசு! முடிச்சுப் போட்ட பையைத் தூக்கிக் காட்டி, "என்னோடது இங்க இருக்குங்க" என்று சொல்லவேண்டியதாயிற்று. ராக்கெட் அப்பா, "வக்கீலம்மா சாட்சியத்தோட வந்திருக்காங்க, விட்டுடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஒன்று கேட்கலாமா? தப்பாக நினைக்காதே. நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று இருக்கிறதாம். பிப்ரவரிவரை அங்கே விட்டால் என்ன? நாய்தானே அக்கா, பழகிக்கொள்ளும். எனக்குக் கை இரண்டுதான் இருக்கிறது.

உன் தங்கை


ஆகஸ்ட் 14
(அனுப்பவில்லை)

அக்கா,

நலம் விசாரிக்கத் தெரியவில்லை எனக்கு. உன் பதில் இன்று காலைதான் வந்தது. "விடுதி வேண்டாம்டி. இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொள், விழுந்தால் நான் கட்டித் தருகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அது ஒரு நாள் முன்னால் வந்திருக்கக்கூடாதா?

வக்கீல் தொலைந்துவிட்டான். நேற்று மாலை.

கிளம்பும் நேரம். பாப்பா வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு கையில் நிறைந்த பை. குப்பைத் தொட்டி வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டு கதவுக்கும் நடுவே நின்று கயிற்றை மாட்டிவிட்டுத்தான் வெளிக்கதவைத் திறக்கவேண்டும். எனக்கு அந்தப் பையைத் தூர எறிந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பாப்பாவைத் தூக்கினால் போதும் என்றிருந்தது. கயிற்றை மாட்டாமல் கதவைத் திறந்தேன். வண்டியின் சக்கரம் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கிற நேரத்தில் என் காலை உரசிக்கொண்டு போய்விட்டான். கூப்பிட்டேன், அக்கா. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். திரும்பவில்லை.

அவர் நேற்றும் இன்றும் தெருத்தெருவாகச் சுற்றினார். "படம் போட்டுக் கம்பத்துல ஒட்டலாம்" என்கிறார். ஒட்டினால் பஞ்சு அம்மா அதைப் படம் பிடித்து அன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவார். அத்தனை தூரத்தில், அந்த அறையில், அதை நீ போனில் பார்க்கவேண்டுமா? பூங்காவில் கேட்டவர்களிடம், காலில் முள் குத்திவிட்டது, வீட்டில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். எப்படியும் கிடைத்துவிடுவான். கிடைத்த பிறகு சொன்னால் நீயும் சிரிப்பாய்.

இதை மடித்துவிட்டேன். ஒட்ட மனம் வரவில்லை.


ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே எல்லோரும் நலம். அன்று நீ திடீரென்று போன் செய்தது ஆச்சரியமாக இருந்தது. பாப்பா அழுதுகொண்டிருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை, மன்னித்துக்கொள்.

விடுதிப் பேச்சை மறந்துவிடு. ஏதோ அலுப்பில் எழுதிவிட்டேன். அவன் பாட்டுக்கு இருக்கிறான். மழை பிடித்துக்கொண்டது. பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, கீழ்வரிசையில். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

வக்கீல் நலம்.

உன் தங்கை


செப்டம்பர் 13

கண்ணு,

நான் நலம். பாப்பாவின் பல் செய்தியைக் கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். தலைமைத் தொழிலாளி, "நம்ம வேலை இல்லாம வந்த பல்லுக்கு எதுக்கு இத்தனை கொண்டாட்டம்?" என்றார்.

உன் கடிதம் சின்னதாக இருந்தது. நீ சுருக்கமாக எழுதுகிறவள் இல்லையே! இரண்டு பக்கத்துக்குப் புலம்பாமல் நீ கடிதம் முடித்து நான் பார்த்ததே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

வக்கீலின் இடது காதில் புண் வரும், மழைக்காலத்தில். பார்த்தாயா? இப்போது எங்கே படுக்கிறான்? யாரிடம் ஒட்டிக்கொண்டான்? அவனைப் பற்றி எழுது. நல்லதுதான் எழுதவேண்டும் என்று இல்லை. ஏதாவது நடந்திருந்தாலும் எழுது. நான் திட்டமாட்டேன். மெய்யாகத்தான் சொல்கிறேன். முன்னே திட்டியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. இந்தத் தரம் திட்டமாட்டேன்.

அக்கா


அக்டோபர் 7

அன்புள்ள அக்கா,

உன் அன்பான கடிதம் கிடைத்தது. நீ இப்படி எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டு, அதுதான் உன் உடம்புக்கு நல்லது.

காதில் புண் இல்லை. கூடத்தில் ஜன்னலுக்குக் கீழே படுக்கிறான். அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டான்.

பூங்காவுக்குத் தினமும் போகிறேன். மழையிலும் போகிறேன். குடையை வண்டியில் கட்டிவிட்டேன், கையில் கயிறு. முன்பு போனதைவிடச் சீக்கிரம் போய், கடைசி ஆள் கிளம்பும்வரை இருக்கிறேன். சும்மா நிற்க ஒருமாதிரியாக இருக்கிறது என்று எல்லா நாய்களுடையதையும் அள்ளிவிடுகிறேன். மைனா தாத்தாவுக்குக் குனிய முடியாது, ராக்கெட் அப்பாவுக்குக் குனிய மனம் வராது. இப்போது என்னை யாரும் வக்கீலம்மா என்பதில்லை. பையம்மா என்கிறார்கள். முதல் நாள் பை கிழிந்து நின்றவளா நான் என்று இருக்கிறது. பை கிழிவதில்லை. அருவருப்பும் இல்லை. அந்தச் சூடு தெரிந்தால், ஏதோ ஒரு நாய் இப்போதுதான் இங்கே இருந்துவிட்டுப் போயிருக்கிறது என்று தோன்றுகிறது.

வேலிக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு பாப்பா நடந்தாள். நாலைந்து எட்டு. பஞ்சு அம்மா கை தட்டினார்.

நீ இருந்திருக்கலாம்.

உன் தங்கை


நவம்பர் 9

தங்கைக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பாப்பா நடந்ததைப் படித்துப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அவளும் வக்கீலும் சேர்ந்து இருப்பதுபோல் ஒரு படம் எடுத்து அனுப்பேன். என் மேசையில் வைத்துக்கொள்கிறேன்.

முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று எழுது. அது போதும்.

அக்கா


நவம்பர் 27

அன்புள்ள அக்கா,

சுகமா? குளிருக்குக் கழுத்தில் துணி சுற்றிக்கொள். நீ கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. போன வாரம் எடுத்தது. அவன் காதைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சிரிக்கிறாள் பார்.

பாப்பாவுக்கு முன்பல் எல்லாம் வந்துவிட்டன. என் தோளைக் கடித்து வைக்கிறாள். அவசரத்தில் எழுதுகிறேன்.

உன் தங்கை


டிசம்பர் 20

தங்கைக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்கவேண்டும் என்று மனதாரத்தான் எழுதுகிறேன். இதை உட்கார்ந்து படி. பாப்பா தூங்கும்போது படி.

படத்தில் பாப்பா வாயெல்லாம் சிரிப்பாக இருக்கிறாள். ஈறுதான் தெரிகிறது. ஒரு பல்கூட இல்லை. உன் அக்கா பல் கட்டுகிறவள்டி. அதைக்கூடவா நீ மறந்துபோனாய்?

அந்தப் படம் பொய் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்று இல்லை. ஆகஸ்டிலேயே தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் ஒருவர் கடைவாசலில் அவன் மழையில் நனைந்து கிடந்திருக்கிறான். அவர் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போயிருக்கிறார். கழுத்துத் தோலுக்கு அடியில் நான் வைக்கச் சொல்லியிருந்த மைக்ரோசிப்பைப் படித்ததில் என் பெயரும் நம்பரும் கிடைத்தன. தையல்காரர் எனக்குப் போன் செய்தார். "என் தங்கச்சி துடிச்சுப் போயிருப்பா, இப்பவே சொல்றேன், வந்து கூட்டிட்டுப் போவா" என்று அவரிடம் சொல்லிவிட்டு உடனே உனக்குப் போட்டேன். நல்ல செய்தியை மெல்லச் சொல்லலாம் என்று, "எல்லாரும் எப்படிடி இருக்கீங்க?" என்று ஆரம்பித்தேன்.

"நல்லா இருக்கோம்க்கா. வக்கீல் தூங்குறான்."

கேட்காமலே சொன்னாய். வந்த செய்தியைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

பயத்தில் சொல்லிவிட்டாள், கடிதத்தில் எழுதுவாள் என்று இருந்தேன். தையல்காரரிடம், "இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கங்க" என்றேன். உன் கடிதம் வந்தது. வக்கீல் நலம். அடுத்த கடிதத்தில் நானே வாய்விட்டுக் கேட்டேன். அப்போதும் ஜன்னலுக்குக் கீழே படுக்கிறான் என்று எழுதினாய். அதற்கப்புறம் நான் கேட்டதெல்லாம் நீ சொல்வதற்காக இல்லை. நீ இன்னும் எவ்வளவு தூரம் போவாய் என்று பார்த்தேன். படம் கேட்டதும் அதற்குத்தான். அது என் கெட்ட குணம். நீ மழையில் கயிற்றோடு நின்று யாரைத் தேடுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஒரு வரி எழுதியிருந்தால் மறுநாளே உன் தேடல் முடிந்திருக்கும். மாதக்கணக்கில் உன்னைத் தேடவிட்டேன். உன்மேல் உள்ள கோபத்தைவிட இது என்னை அதிகம் தின்கிறது.

வக்கீல் மெய்யாகவே நலம். தையல்காரரின் மகள் அவனுக்குப் பித்தான் என்று பெயர் வைத்துவிட்டாளாம். கூப்பிட்டால் வருகிறானாம். பிப்ரவரியில் நான் போய் நின்று, அவனை மறுபடி ஒரு வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரவேண்டுமா? யோசித்துப் பார்த்தேன். எனக்கு மனம் வரவில்லை. அவன் அங்கேயே இருக்கட்டும்.

இனிமேல் கடிதம் வேண்டாம். கடிதத்தில் நாம் இருவரும் நன்றாகப் பொய் சொல்கிறோம். போன் செய். அழுதால் அழு.

அக்கா


ஜனவரி 5

அக்கா,

நீ நலமாக இருக்கவேண்டும். போன் செய்யச் சொன்னாய். நம்பரை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். போனில் சொல்ல முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதனால் இந்த ஒரு கடிதம்.

முதலில் அவனைப் பற்றி. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தையல்கடைக்குப் போனேன். மெஷினுக்குக் கீழே, வெட்டுத் துணிக் குவியலில் படுத்திருந்தான். சதை போட்டிருக்கிறான். "வக்கீல்" என்றேன், ஒரேதரம். தலையைத் தூக்கினான். எழுந்து வந்து பாப்பாவின் காலை முகர்ந்தான். என் கையை முகர்ந்தான். வால் ஆட்டினான், யாருக்கும் ஆட்டுகிற மாதிரி. பிறகு போய் அதே துணியில் படுத்துக்கொண்டான். "பழைய பேரையும் மறக்கல பாருங்கம்மா" என்றார் தையல்காரர், என்னைத் தேற்றுவதற்கு. நான் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என்னைத் தேடவிட்டதற்காக நீ வருத்தப்படாதே என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. எனக்கும் கோபம் இருக்கிறது. ஒவ்வொரு சாக்கடை ஓரமாகவும் குனிந்து பார்த்தேனே அக்கா, இடுப்பில் குழந்தையோடு. அந்தக் கோபத்தையும் இங்கேயே வைத்துவிடுகிறேன்.

அவன் தொலைந்த மறுநாள் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. நேற்று அதை எடுத்துப் படித்தேன். எல்லாம் எழுதியிருக்கிறேன். கதவைத் திறந்தது, சக்கரம் மாட்டியது, அவன் காலை உரசிக்கொண்டு போனது. அப்புறம், கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தில்கூட நான் உண்மை எழுதவில்லை.

அவன் ஓடவில்லை, அக்கா. நடந்துதான் போனான். பையை எறிந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பாப்பாவைத் தூக்கினேன். தூக்கியதும் அழுகையை நிறுத்தினாள். அவன் வாசலுக்கு எதிரே இருக்கும் மரத்தடிவரை போய், நின்று, திரும்பி என்னைப் பார்த்தான். ஒருதரம் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். என் கையில் பை இல்லை, கயிறு இல்லை, குழந்தை மட்டும் இருந்தாள். அவளை மட்டும் சுமந்தால் போதும் என்று இருந்தது. அப்படியே நின்றேன். அவனும் கொஞ்சம் நின்றான். அப்புறம் திரும்பி நடந்து, முனையில் மறைந்தான். அதற்கப்புறம்தான் கூப்பிட ஆரம்பித்தேன். அன்று தொடங்கிய கூப்பாடு ஓயவில்லை.

தொலைத்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பேன். திட்டு வாங்கியிருப்பேன். அடுத்து நீ, "கூப்பிட்டியா?" என்று கேட்பாய். அதற்குத்தான் பயந்தேன்.

பிப்ரவரியில் நீ வரும் நாளை என் வீட்டுக்காரரிடம் சொல்லியனுப்பு. முன்னறையில் உனக்கு இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். வேறு எங்கேயாவது தங்குவதாக இருந்தாலும் சொல்லு, ஏன் என்று கேட்க மாட்டேன்.

இதைப் படித்த பிறகும் நான் போன் செய்யவேண்டும் என்றால், நீ ஒருமுறை எனக்குப் போன் செய். எடுத்துவிடுவேன்.

உன் தங்கை